தங்கச்சி ஊட்டுப் பிரேக்கர்

வயரிங் வேலைக்கு வருகிற பொடியன்மார் என்னைப் பற்றி ஒரு கதை கதைப்பார்கள். "அந்தக் காக்கா நல்ல வேலைகாரன்தான். ஆனா ஒரு ஊட்டுப் போர்டில இருந்து அடுத்த ஊட்டுக்கு லைன் எடுத்துத் தாங்க எண்டு மட்டும் கேட்டுராதீங்க. பேய் புடிச்ச மாதிரி ஆடுவார்" என்று. காக்கா என்றால் எங்கள் பக்கத்தில் அண்ணன். உண்மைதான், ஆடுவேன். ஏன் என்று கேட்டவனுக்கும் ஏச்சுத்தான் விழும். இப்போது வயது போய்விட்டது. ஏணியில் ஏறவும் ஏலாது, ஏசுவதற்கு மூச்சும் போதாது. ஆகவே காரணத்தை எழுதிவைக்கிறேன்.

1. சவூதிப் பெட்டி

எண்பதுகளின் தொடக்கம். கல்முனைப் பக்கத்தில் அப்போது வீடுகளில் இருந்ததெல்லாம் பியூஸ் கட்டைதான். பியூஸ் போனால் ஒரு செப்பு இழையைச் சுற்றிக் குத்திவிட்டு, "அல்லாட காவல்" என்று சொல்லிவிட்டுப் படுத்துவிடுவார்கள். சவூதிக்குப் போனவர்கள் முதலில் கசட் ரேடியோ அனுப்பினார்கள். பிறகு பிரிஜ் வந்தது. பிரிஜ்ஜுக்குப் பின்னால் எனக்கு வேலை வந்தது.

ஊரில் பெரிய வயல்காரரான ஆதம்பாவா போடியாருக்கு இரண்டு பெண்பிள்ளைகள் இருந்தார்கள், மனைவி முன்னமே மௌத்தாகியிருந்தார். எங்கள் பக்கத்து வழக்கம் தெரியும்தானே. பெண்பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் கல்யாணம். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். போடியாரும் தான் கட்டி வாழ்ந்த வீட்டை மூத்தவள் சுபைதாவுக்குக் கொடுத்தார். சுபைதாவின் புருசன் காசிம் சவூதியில். அவர் ஊருக்கு வந்த ஒருவரிடம் ஒரு பிரேக்கர் பெட்டி கொடுத்தனுப்பியிருந்தார். அமெரிக்க மாதிரிப் பெட்டி. விறாந்தைச் சுவரில் இருந்த பியூஸ் கட்டையைக் கழற்றிவிட்டு அதைப் பூட்டியவன் நான். அந்தத் தெருவில் அதுதான் முதல் பிரேக்கர் பெட்டி. பார்க்க ஆட்கள் வந்தார்கள். நானும் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் நின்றேன், அதற்கென்ன.

பெட்டியைப் பூட்டிய பிறகு அதை எப்படிப் பாவிப்பது என்று வீட்டாருக்குச் சொல்லிக்கொடுப்பது என் வழக்கம். சுபைதா கதவுத் திரைக்குப் பின்னால் நின்று கேட்டாள். நான் சொன்னேன்:

"இஞ்ச பாருங்க. கைபிடி மேல நிண்டா கரண்ட் இரிக்கி. லோட் கூடித் தானா விழுந்தா, கைபிடி நடுவுல வந்து நிக்கும். ஆராவது கையால இறக்கினா முழுசாக் கீழ போயிடும். நடுவுல நிண்டா முதல்ல ஒருக்காக் கீழ தள்ளிப்போட்டு மறுகா மேல தூக்கணும். விளங்கிச்சா?"

"விளங்கிச்சி காக்கா. நடுவுல நிண்டா தானா விழுந்த. கீழ நிண்டா கை இறக்கின."

"அவ்வளவுதான்."

அந்த அவ்வளவுதானை நான் எத்தனை வீட்டில் சொல்லியிருப்பேனோ தெரியாது.

2. உடைத்த தகடு

இரண்டு வருசம் கழித்து இளையவள் ஹபீபாவுக்குக் கல்யாணம் பேசினார்கள். அதே வளவின் மறுகோடியில் போடியார் வீடு கட்டிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை நசீர், பொத்துவில் ஆள். கல்முனை பசாரில் ஒரு புடவைக் கடையில் வேலைக்கு நின்றார். நல்ல பொடியன், ஆனால் ரோசக்காரன். மாப்பிள்ளை வீட்டார் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்கள்: வீட்டில் கரண்ட் இருக்க வேணும்.

புது வீட்டுக்குத் தனி லைன் எடுப்பதென்றால் அந்தப் பக்கத்துக்குத் தூண் வர வேணும். தூண் எப்போது வரும் என்று எவருக்கும் தெரியாது. கல்யாணமோ அடுத்த மாதம். போடியார் என்னைக் கூப்பிட்டு, "மனே, மூத்தவட பெட்டியில ஒரு எடம் சும்மா கெடக்கு எண்டு நீதானே சொன்னாய். அதுல ஒரு பிரேக்கர் போட்டு இளையவக்கு லைன் இழுத்து உடு" என்றார்.

வேலையாகப் பார்த்தால் பெரிய வேலை இல்லை. லைட்டும் ஒரு பேனும்தான். கடைசி மகளின் கல்யாண வீட்டு வேலையை மறுக்கவும் மனம் இல்லை. ஆனாலும் சொன்னேன்.

"போடியார், லைன் இழுக்கலாம். ஆனா தங்கச்சிட சுவிச் ராத்தாட ஊட்டுக்குள்ள கெடக்க வேணாம். ரெண்டு ஊட்டுக்கும் பொதுவா வெளிச் செவருல ஒரு பெட்டி அடிச்சித் தாறன்."

மனிசனுக்குக் கோபம் வந்துவிட்டது. "என்னடா கதைக்காய்? ரெண்டும் ஒரு வகுத்துல பொறந்ததுகள். அதுகளுக்குள்ள உன்ட சுவிச்சு, என்ட சுவிச்சு எண்டு இரிக்கா? அப்பிடி ஒரு சோலி வந்தாலும் நான் இரிக்கன்தானே."

சரியென்று கருவிப் பையைத் திறந்தேன்.

மெயினை இறக்கினேன். டெஸ்டர் வைத்துப் பார்த்தேன். பெட்டியின் முன்மூடியைக் கழற்றினேன். அந்த மாதிரிப் பெட்டியில் சும்மா கிடக்கிற இடத்தைச் சின்னத் தகடு ஒன்று மூடியிருக்கும். குறட்டால் பிடித்து முறுக்கினால் உடைந்து வரும். ஒருக்கா உடைத்தால் பிறகு பொருத்த ஏலாது. உடைத்தேன். புதுப் பிரேக்கரைக் கரண்ட் வருகிற பஸ் பார்ப் பட்டையில் அமத்தி, லைவ்வை அதில் இறுக்கி, நியூட்ரலையும் எர்த்தையும் அதது இடத்தில் கொடுத்தேன். இரண்டு வீட்டுக்கும் இடையில் கம்பி கட்டி, அதில் வயரைக் கொண்டுபோனேன். மூடியைப் பூட்டி மெயினைத் தூக்கினேன். மறுகோடியில் இருந்து போடியார், "லைட்டு பத்திட்டுடா மனே, பத்திட்டு!" என்று கத்தினார். கிழவனின் குரலில் இருந்த சந்தோசம் இன்னும் காதில் கிடக்கிறது.

சுபைதா ஒரு துண்டுப் பிளாஸ்டரில் 'தங்கச்சி' என்று எழுதித் திரை வழியாக நீட்டினாள். அந்தப் பிரேக்கருக்குப் பக்கத்தில் ஒட்டினேன். கல்யாணம் முடிந்ததும் நசீருக்கும் பெட்டியைக் காட்டி அதே பாடத்தைச் சொல்லிக்கொடுத்தேன். நடுவில் நின்றால் தானாக விழுந்தது. கீழே நின்றால் கை இறக்கியது.

போடியார் மூத்தவள் வீட்டில் பகல் சோறும் இளையவள் வீட்டில் ராச்சோறுமாக ஒரு வருசம் போல இருந்தார். பிறகு ஒரு நாள் வயலில் இருந்து வந்து படுத்தவர் எழும்பவில்லை. ஜனாஸாவுக்கு நானும் போனேன். 'நான் இரிக்கன்தானே' என்று சொன்ன மனிசன் போய்விட்டார். சுவிச் இருந்த இடத்திலேயே இருந்தது.

3. இடி

அதற்குப் பிறகு ஒரு சின்னக் கசப்பு. நசீர் ஒரு அயன் பெட்டி வாங்கிவந்து போட்டார். பிரேக்கர் விழுந்தது. சுபைதா சின்ன மகளிடம், "சாச்சாக்கிட்டச் சொல்லு, அயன் போடுற நேரம் பாத்துப் போடச் சொல்லி" என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள். அவள் நல்லதுக்குத்தான் சொன்னாள். ஆனால் பெண்சாதி வீட்டில் குடியிருக்கிற ஆம்பிளைக்கு அது குத்தும். மச்சியிடம் கேட்டா உடுப்பை அயன் பண்ண வேணும் என்று நசீர் கடையில் நாலு பேரிடம் சொல்லியிருக்கிறார்.

மாரி தொடங்கியது. ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், அஸர் தொழுகைக்குப் பிறகு வானம் இருட்டிக்கொண்டு வந்தது. கடை பூட்டு, நசீர் வீட்டில் இருந்தார். ஹபீபா நிறைமாதம். ஒரு இடி இடித்தது. ஹபீபா வீட்டில் லைட் அணைந்தது.

நசீர் யன்னலால் பார்த்தார். மூத்தவள் வீட்டில் லைட் எரிந்துகொண்டிருந்தது. மழைக்குள் ஓடிப்போய் விறாந்தையில் ஏறிப் பெட்டியைப் பார்த்தார். மற்றப் பிரேக்கர் எல்லாம் மேலே. 'தங்கச்சி' மட்டும் கீழே. நடுவில் இல்லை, முழுசாகக் கீழே.

"இது தானா விழல்ல. ஆரோ கையால இறக்கியிரிக்கி. ஆரு இறக்கின?"

திரை ஆடியது. உள்ளே ஆள் நின்றது. பதில் இல்லை.

"என்ட பொண்டாட்டி வகுத்துப் புள்ளையோட இருட்டுக்குள்ள இரிக்கா. ஆரு இறக்கின எண்டு கேக்கன்!"

நசீர் பிரேக்கரைத் தூக்கவில்லை. தன் வீட்டுக்குப் போய்ச் சிமிலி விளக்கைக் கொளுத்தினார்.

அடுத்த நாள் காலை என் வீட்டுக் கடப்படியில் சைக்கிளோடு நின்றார். "அந்த வயரக் கழட்டுங்க. மச்சிட கையால வெளிச்சம் வாங்கி நான் சீவிக்க மாட்டன்." எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. "நீங்கதானே காக்கா சொல்லித் தந்த, கீழ நிண்டா கை எண்டு" என்றார். சொல்லித் தந்தது நான்தானே!

4. திரைக்குப் பின்னால்

வயரைக் கழற்றப் போன இடத்தில் எனக்குக் கோபம்தான் முந்தியது. மெயினை இறக்கிவிட்டுத் திரையைப் பார்த்துக் கேட்டேன். "என்ன வேலை புள்ள செஞ்சி வெச்சிரிக்காய்? கூடப்பொறந்தவட வெளிச்சத்தையா நிப்பாட்டுற?"

திரைக்குப் பின்னால் அழுகைச் சத்தம் கேட்டது.

"காக்கா, இவர் இந்தக் கிழம சவூதியில இருந்து கசட்டுல பேசி அனுப்பியிருந்தார். மாரி வருகுது, இடி இடிச்சா பிரேக்கர் எல்லாத்தையும் இறக்கிப்போடு எண்டு. தங்கச்சிட வயர்தான் வெளியால தொங்குது, அதுல இடி புடிச்சாலும் புடிக்கும், அத முதல்ல இறக்கு, புள்ள வகுத்தோட இரிக்கா எண்டு. நான் அவடத முதல்ல இறக்கினன். என்டதுல கை வெக்கிறத்துக்குள்ள மச்சான் ஓடி வந்துட்டார். முக்காடும் இல்ல காக்கா, உள்ளுக்குப் பாஞ்சிட்டன்."

"பாஞ்சா என்ன? உள்ளுக்கு நிண்டு ஒரு சொல்லுச் சொல்ல ஏலாதா?"

"அவர் சத்தம் போடுறார். என்ட புருசனும் ஊட்டுல இல்ல. தங்கச்சி மாப்பிளையோட ஒத்தைக்கு ஒத்தை வாய் குடுத்தா ஊர் என்ன கதைக்கும்?"

நான் கையில் ஸ்குரூ டிரைவரோடு அப்படியே நின்றேன். பிரேக்கரை இறக்கினால் இடி நின்றுவிடாது. பிளக்கைக் கழற்றிவைப்பதுதான் நல்ல காவல். ஆனால் அந்தப் பெண்ணின் மனசு எனக்கு விளங்கிவிட்டது. இடி வந்தபோது முதலில் தங்கச்சியை நினைத்திருக்கிறாள். அதனால்தான் அந்த ஒன்று மட்டும் கீழே நின்றது. கை இறக்கியது என்பதைக் கைபிடி காட்டிக்கொடுத்தது. ஏன் இறக்கியது என்று கேட்க ஆளில்லை.

"தங்கச்சிக்கிட்டப் போய் நீயே சொல்லன் புள்ள."

"அவ வந்து ஒரு சொல்லுக் கேட்டாளா? ராத்தா அப்பிடிச் செய்வாவா எண்டு அவக்கு ஒரு நெனப்பு வந்துச்சா? நான் போக மாட்டன். நீங்க சொல்லிடுங்க காக்கா."

"நான் சொல்றன்" என்றேன்.

வயரைப் பிரேக்கரில் இருந்து எடுத்து, முனையை மூடிக் கட்டினேன். பிரேக்கரை மட்டும் கழற்றவில்லை. தகடு உடைத்த ஓட்டை, உள்ளே பஸ் பாரில் கரண்ட், வீட்டில் சின்னப் பிள்ளை. அந்த ஓட்டைக்கு மூடி அதுதான். ஆகவே வயர் இல்லாமல் அது அங்கேயே கிடந்தது.

5. நான் சொன்ன இடம்

சைக்கிளை எடுத்துக்கொண்டு நேரே பசாருக்குப் போனேன். கடைக்கு வெளியே நசீரைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். இடி, கசட், தொங்குகிற வயர், முக்காடு, எல்லாம். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"அப்பிடியா சொன்னா?"

"அழுதழுது சொன்னா. தம்பி, இத ஹபீபாட்டச் சொல்லிடுங்க. பாவம், ரெண்டு பேரும் தாய் தகப்பன் இல்லாததுகள்."

"சரி காக்கா, நான் சொல்றன்."

எனக்கு அது போதும் என்று பட்டது. புருசனிடம் சொன்னால் பெண்சாதியிடம் சொன்னதுதானே. நிறைமாதப் பெண் இருக்கிற வீட்டுக்குப் போய் அவளோடு நான் நேரே கதைப்பதும் முறையில்லை. அப்படித்தான் நாங்கள் எல்லோரும் நடந்தோம்.

ஒரு கிழமைக்குள் நசீர் ஹபீபாவைப் பொத்துவிலுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். எங்கள் பக்கத்தில் அது சின்ன விசயமில்லை. வாப்பா கட்டிக் கொடுத்த வீட்டைப் பூட்டிவிட்டு ஒரு பெண் புருசன் ஊருக்குப் போகிறாள் என்றால், தெருவே வாசலில் வந்து நிற்கும். நின்றது. சுபைதாவின் கதவு மட்டும் திறக்கவில்லை. தங்கச்சிக்கு எல்லாம் தெரியும், தெரிந்தும் போகிறாள் என்று அவள் உள்ளே இருந்து நினைத்துக்கொண்டிருந்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஹபீபாவைக் கல்நெஞ்சுக்காரி என்று என் வீட்டில் ஏசவும் ஏசினேன். அல்லா மன்னிக்க வேணும்.

6. வயர் இல்லாத பிரேக்கர்

அதற்குப் பிறகு கலவரம், ஊரடங்கு, பாதை பூட்டு என்று வருசங்கள் போயின. எண்பதுகளின் கடைசியில் ஒரு நாள், மோட்டர் வேலைக்கு சுபைதா ஆள் அனுப்பியிருந்தாள். குசினிப் பக்கம் வேலை செய்துகொண்டிருந்தேன். வானம் இருட்டி இடி இடித்தது. சுபைதா முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு வேகமாகப் பெட்டிக்குப் போனாள். முதலில் 'தங்கச்சி'யை இறக்கினாள். பிறகுதான் மற்றவை.

என்னால் பொறுக்க ஏலவில்லை. "அதுல வயர் இல்லயே புள்ள!"

"தெரியும் காக்கா. அத முதல்ல இறக்கித்தான் கை பழகிட்டு" என்றாள். பிறகு கேட்டாள்: "அப்ப நீங்க அவக்குச் சொன்னதானே?"

"சொன்னன் புள்ள. நசீர்ட்ட அண்டைக்கே சொன்னன்."

"நசீர்ட்டயா?"

என்னை ஒரு பார்வை பார்த்தாள். மோட்டரைப் பூட்டி முடிக்க அன்றைக்கு எனக்குக் கை வரவில்லை.

அடுத்த கிழமை பொத்துவில் பஸ்ஸில் ஏறினேன். அங்கே எனக்கு ஒரு வேலையும் இல்லை. நசீர் வீட்டைக் கேட்டுக் கேட்டுப் போனேன். நசீர் கதிரையில் இருந்தார். என்னைக் கண்டதும் முகம் மாறியது.

"தம்பி, நான் ஹபீபாவோட கதைக்கணும். நீங்களும் இரிங்க. ஆனா நான் அவவோடதான் கதைப்பன்."

ஹபீபா திரைக்கு வெளியே வந்து நின்றாள். பக்கத்தில் ஒரு பெண்பிள்ளை, குர்ஆன் ஓதப் போகிற வயது. அன்றைக்கு வயிற்றில் இருந்த பிள்ளை. நான் முதலில் இருந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் புருசனைப் பார்த்தாள். நசீர் எழும்பி முற்றத்துக்குப் போய்விட்டார்.

"எனக்கு ஒண்டும் சொல்லல்ல காக்கா. ராத்தா வேணுமெண்டே இறக்கினா, கேட்டத்துக்கு வாய் துறக்கவும் இல்ல எண்டுதான் சொன்னார்."

"அந்தப் பிரேக்கர் இன்னும் அங்கதான் புள்ள கெடக்கு. வயர் இல்லாமக் கெடக்கு. இடி இடிச்சா இண்டைக்கும் அதத்தான் முதல்ல இறக்குறா."

ஹபீபா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். நான் எதிர்பாராத ஒரு கேள்வியைக் கேட்டாள்.

"இடி இல்லாத நாளையில அது மேலயா காக்கா நிக்கிது, கீழயா?"

"மேலதான் புள்ள. எல்லா நாளும் மேலதான்."

"அப்ப ராத்தா என்னய வெட்டி உடல்ல" என்று சொல்லிவிட்டு, சின்னப் பிள்ளை மாதிரி அழுதாள்.

அவள் மகளையும் கூட்டிக்கொண்டு என்னோடு அதே பஸ்ஸில் வந்தாள். நசீர் தடுக்கவில்லை. சுபைதாவின் வாசலில் இரண்டு பேரும் கட்டிப் பிடித்து அழுததை நான் கடப்படியில் நின்று பார்த்தேன். அந்தப் பிள்ளை தன் பெரியம்மாவை முதல் தரம் பார்த்தது அன்றைக்குத்தான். வளவின் மறுகோடியில் போடியார் கட்டிய வீட்டின் ஓடு இறங்கி, கதவில் கறையான் ஏறியிருந்தது. அதில் இனி ஆர் குடியிருக்கிறது?

பொடியன்மாரே, பிரேக்கர் போடுவது கஷ்டமில்லை. மெயினை இறக்கு, டெஸ்டரை வை, லோடைப் பார், ஸ்குரூவை இறுக்கு. ஒரு வீட்டின் சுவிச்சை இன்னொரு வீட்டுக்குள் வைக்காதே, எந்தப் போடியார் சொன்னாலும் வைக்காதே. இன்னொன்று. ஆருடைய வீட்டில் லைட் அணைந்ததோ, அவரிடமே நேரே போய்ச் சொல். சுபைதா வீட்டில் இருந்து மறுகோடி வீட்டுக்கு நடக்க வேண்டிய நாலு எட்டை நான் நடக்கவில்லை. அந்தச் சொல்லைப் பிறகு பொத்துவில் வரைக்கும் சுமந்துகொண்டு போனேன். அதற்குள் ஒரு பிள்ளை வளர்ந்துவிட்டது.